எண்ண ஓட்டத்தைத் தணித்தல்

நெருக்கடிக் காலத்தில் நிறுத்த முடியாதபடி ஒன்றன்மேல் ஒன்றாக எழும் எண்ணங்களின் வேகத்தைக் குறைத்து, தூக்கத்துக்கும் அன்றாட வேலைக்கும் மனத்தில் இடம் உண்டாக்கும் வழிமுறைகள் எண்ண ஓட்டத்தைத் தணித்தல் எனப்படும். தேர்வு முடிவு, கடன் தவணை, வேலை போய்விடுமோ என்ற பயம், வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை, புயல், போர், இடப்பெயர்வு என எந்த நெருக்கடியிலும் இது வரலாம். ‘ஒரே யோசனையா இருக்கு’, ‘மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு’ என்று மக்கள் சொல்வது இந்த நிலையைத்தான். பெரும்பாலும் இது தனி நோய் அல்ல. நெருக்கடி தீர்ந்ததும் தானே அடங்கிவிடும். அது அடங்கும்வரை மனிதர் படும் பாடு சிறிதல்ல. அவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரையோ பெரும்பாலும் ‘அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே’ என்பதாக இருக்கிறது. கடந்த அரை நூற்றாண்டு உளவியல் ஆய்வு எதையாவது உறுதியாகக் காட்டியிருக்கிறது என்றால், இந்த அறிவுரை பலிக்காது என்பதைத்தான்.

எண்ணம் ஏன் ஓடுகிறது

ஆபத்தை உணர்ந்ததும் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராவதை ஹார்வர்டு உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது. சற்றுப் பிந்தி கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் கூடுகிறது. துரத்தும் விலங்கிடமிருந்து தப்பிக்க இந்த ஏற்பாடு போதும். புதன்கிழமை வரப்போகும் பயாப்சி முடிவிலிருந்து யாரும் ஓட முடியாது. உடல் விழித்தபடியே இருக்க, செய்வதற்கு ஒன்றுமில்லாத மனம் சொற்களில் ஓடத் தொடங்குகிறது.

அந்த ஓட்டம் இரண்டு திசைகளில் போகும். ‘என்ன ஆகுமோ’ என்று முன்னோக்கிப் போவது கவலை. ‘ஏன் இப்படி ஆச்சு, நான் அன்னைக்கே பார்த்திருக்கணும்’ என்று பின்னோக்கிப் போவது அசைபோடல். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கவலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த தாமஸ் போர்க்கோவெக், கவலை பெரும்பாலும் காட்சிகளாக வருவதில்லை, உள்ளுக்குள் பேசும் பேச்சாகவே வருகிறது என்று கண்டார். பயங்கரமான காட்சியைக் கண்முன் கொண்டுவருவதைவிட அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது உடலுக்குச் சற்று எளிது. அதனால்தான் மனம் பேச்சைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவருடைய விளக்கம். கவலைப்படும்போது ஏதோ வேலை நடப்பதுபோன்ற உணர்வும் கூடவே வருகிறது. பிரச்சினை நகராவிட்டாலும் யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்ற ஆறுதல் மிஞ்சுகிறது. இந்த ஆறுதல்தான் ஓட்டத்தை நிறுத்தவிடுவதில்லை.

அசைபோடலின் விளைவை ஒரு நிலநடுக்கம் காட்டிக்கொடுத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா மாணவர்களின் மனநிலையையும், சோர்வு வரும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் கேள்வித்தாள் மூலம் பதிவுசெய்திருந்தார். இரண்டு வாரங்களில், 1989 அக்டோபர் 17 அன்று, லோமா பிரீட்டா நிலநடுக்கம் வடக்குக் கலிஃபோர்னியாவை உலுக்கியது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை அவர் மறுபடி அணுகினார். முன்பே அசைபோடும் வழக்கம் கொண்டவர்களிடம் சோர்வு அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. அவர்களுடைய பழைய மனநிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. நெருக்கடிக்கு முன்பே அளவெடுத்து வைத்திருக்கும் வாய்ப்பு ஆய்வாளர்களுக்கு அரிதாகவே அமையும். இந்த ஆய்வு இன்றும் பேசப்படுவதற்கு அதுவே காரணம்.

அடக்கினால் திரும்பும்

உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட வெள்ளைக் கரடிச் சோதனை மிக எளிமையானது. ஒலிப்பதிவுக் கருவியின் முன் மாணவர் ஒருவர் அமர்ந்து, மனத்தில் தோன்றுவதையெல்லாம் ஐந்து நிமிடம் உரக்கச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் முன்னால் இருக்கும் மணியை அடிக்க வேண்டும். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது. முக்கியமான முடிவு அதன் பிறகு வந்தது. இப்போது கரடியை நினைக்கலாம் என்று அனுமதித்ததும், முதலில் அடக்கியவர்களுக்கு, அடக்காதவர்களைவிட அதிகமாகக் கரடி நினைவுக்கு வந்தது. நினைக்காமல் இருக்கிறோமா என்று சரிபார்க்கவே மனம் அந்த எண்ணத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேடினால் அது கிடைத்துவிடுகிறது. கரடி தோன்றும்போதெல்லாம் சிவப்பு ஃபோக்ஸ்வேகன் கார் ஒன்றை நினைக்கும்படி சொல்லப்பட்டவர்களிடம் இந்தத் திரும்புதல் குறைவாக இருந்தது. மனத்துக்குப் பிடித்துக்கொள்ளத் திட்டமான ஒன்று வேண்டும் என்பதற்கு இது முதல் தடயம்.

கவலை நேரம்

இன்றும் பயனில் உள்ள வழிமுறைகளில் மிக எளியதும், நம்மிடையே மிகக் குறைவாக அறியப்பட்டதும் இது. போர்க்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983இல் இதை முன்வைத்தனர். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைக்கென்று ஒதுக்க வேண்டும். மற்ற வேளையில் கவலை தலைகாட்டினால் அதைக் கவனித்து, ‘ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவைத்துவிட்டுக் கையிலுள்ள வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆறு மணி ஆனதும் உட்கார்ந்து நன்றாகக் கவலைப்பட வேண்டும். எண்ணத்துக்குக் கதவை அடைக்காமல் வேறு நேரம் கொடுப்பதால், அடக்கும்போது நேரும் திரும்புதல் இங்கே குறைகிறது.

படுக்கையையும் படுக்கையறையையும் கவலை நேரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. திண்ணை, சமையலறை மேசை, மொட்டைமாடி எதுவானாலும் சரி. படுக்கப்போகும் நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி முன்னதாக முடிந்துவிட வேண்டும். ஒரு தாளும் பேனாவும் அவசியம். அம்மாவின் பயாப்சி முடிவுக்குக் காத்திருக்கும் ஒருவரின் தாள் இப்படி இருக்கலாம்: ‘ரிப்போர்ட் என்னைக்கு வரும்னு தெரியல. காலையில பத்து மணிக்கு லேபுக்கு போன் பண்ணணும்.’ அதற்குக் கீழே, ‘காப்பீட்டு அட்டை தம்பிகிட்ட இருக்கா? இன்னைக்கே கேக்கணும்.’ அதற்கும் கீழே, ‘அம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா?’ முதல் இரண்டுக்கும் செய்ய வேண்டியது அந்த வரியிலேயே இருக்கிறது. எழுதியதும் அவற்றின் சத்தம் குறையும். மூன்றாவதற்குப் பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. அது தீர்க்க வேண்டிய பிரச்சினை அல்ல, அது துக்கம். அதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லலாம், அழலாம். தீர்வு தேடி மணிக்கணக்காக அதைச் சுற்றிவருவதில்தான் மனிதர் களைத்துப்போகிறார். இந்தப் பிரிப்பைச் செய்யக் கற்றுக்கொண்டவர் பாதித் தூரம் கடந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

முதல் சில நாள் தள்ளிப்போடுவது கடினமாகவே இருக்கும். ஒரே எண்ணத்தை ஒரு மணி நேரத்தில் பலமுறை தள்ளிப்போட வேண்டியிருக்கும். அது தோல்வி அல்ல, பயிற்சியே அதுதான்.

மூச்சு

ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், வெளிவிடும்போது குறையும். இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி வெளிமூச்சில் வலுப்பதே காரணம். எனவே வெளிமூச்சை நீட்டுவது, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத நரம்பு மண்டலத்தை நாமே தொடக்கூடிய ஒரு சில வழிகளில் ஒன்று. நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் செய்தால் போதும்.

பதறுபவரிடம் ‘நல்லா ஆழமா மூச்சை இழு’ என்று சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வேகமும் ஆழமும் சேர்ந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைசுற்றலும் விரல் நுனி மரத்துப்போவதும் வரும். அதைக் கண்டு பயம் இன்னும் கூடும். மூச்சு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, மெதுவாக இருந்தால் போதும்.

இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியின் குழு 23 பேரை வைத்துச் செய்து 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்வதும் யோக மந்திரம் சொல்வதும் மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்கே கொண்டுவந்தன. இரண்டு வெவ்வேறு சமயங்களின் வழிபாடு ஒரே மூச்சு அளவில் வந்து நின்றது. மாலை ஜெபத்திலோ பாராயணத்திலோ மனம் அடங்கியதாகச் சொல்லும் பெரியவர்கள் வெறும் நம்பிக்கையை மட்டும் சொல்லவில்லை. திருமூலரின் திருமந்திரம் பிராணாயாமத்துக்குத் தரும் கணக்கு இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. வெளிமூச்சு உள்மூச்சைப் போல் இரண்டு மடங்கு. நிறுத்தும் அளவு பயின்றவர்களுக்கானது; பதற்றத்தில் இருப்பவர் மூச்சை அடக்க முயலவே கூடாது. ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு வெளிமூச்சை மட்டும் இயல்பாக நீட்டினால் போதும்.

சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டும். அவர்களுக்குத் தசைத் தளர்வு பொருந்தலாம். மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட முறை இது: கால் விரலிலிருந்து நெற்றிவரை ஒவ்வொரு தசைத் தொகுதியாகச் சில நொடி இறுக்கித் தளர்த்துவது. வேகமாக நடப்பதும், பாத்திரம் தேய்ப்பதும், குளிர்ந்த நீரில் முகம் கழுவுவதும் இதே வகை உதவிகள்.

இரவு

பகலில் வேலைகள் எண்ணத்தை இழுத்துப் பிடிக்கும். விளக்கை அணைத்ததும் அந்தப் பிடி விடுபடும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பாதியினர் முடித்த வேலைகளை எழுதினர், மறுபாதியினர் இனி செய்ய வேண்டியவற்றை எழுதினர். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினர். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு விரைவில் தூக்கம் வந்தது. நாளைய வேலைகளை எழுதினால் பயம் கூடும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு.

தூக்கம் வராமல் இருபது நிமிடம் புரண்டால் எழுந்துவிடுவது நல்லது. மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து சலிப்பான எதையாவது செய்து, கண் சொருகும்போது மறுபடி படுக்கலாம். படுக்கை என்றாலே யோசனை என்ற பழக்கம் உறுதிப்படாமல் இருக்க, உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த முறை இது. கைபேசி கட்டிலுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். நடு இரவில் நோயின் பெயரைத் தேடிப் படிப்பவருக்கு அன்று தூக்கம் இல்லை. காபியிலுள்ள கஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்தவர் இரவு பத்து மணிக்கும் அதில் பாதியோடுதான் படுக்கிறார்.

நெருக்கடி தீராத இடங்களில்

மேற்சொன்னவை வசதியுள்ளவர்களுக்குத்தானா என்ற கேள்வி நியாயமானது. தெற்கு சூடானின் போரிலிருந்து தப்பி உகாண்டாவின் ரைனோ அகதிக் குடியிருப்பில் வாழ்ந்த பெண்களிடையே உலக சுகாதார நிறுவனத்தின் சுய உதவிப் பயிற்சி சோதிக்கப்பட்டது. ஏறத்தாழ 700 பெண்கள் பங்கேற்றனர். பயிற்சி பெற்றவர்கள் இருபது, முப்பது பேராக அமர்ந்து, ஜூபா அரபியில் பதிவான ஒலிப்பதிவை ஐந்து அமர்வுகளில் கேட்டனர். உடன் படக்கதை நூல் ஒன்று. நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர், குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் மன உளைச்சல் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஆய்வு 2020இல் வெளியானது. அந்தப் படக்கதை வழிகாட்டியையும் அதே ஆண்டு நிறுவனம் அனைவருக்கும் வெளியிட்டது.

அதில் கற்பிக்கப்படுவது எளிமையானது. எண்ணம் பிடித்து இழுக்கும்போது பாதங்களைத் தரையில் அழுத்தி, சுற்றிலும் காண்பதையும் கேட்பதையும் கவனிக்க வேண்டும். ‘இதோ, பிள்ளைகளைப் பற்றிய பயம் வந்திருக்கு’ என்று அதற்குப் பெயர் சொல்ல வேண்டும். பிறகு கையிலுள்ள வேலைக்கு, எதிரில் இருக்கும் மனிதருக்குக் கவனத்தைத் திருப்ப வேண்டும். அந்தப் பெண்களின் பயங்கள் பொய்யானவை அல்ல; ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று யாரும் அவர்களிடம் சொல்லவும் இல்லை. பயம் உண்மையாக இருக்கும்போதும் அதன் பிடியிலிருந்து கொஞ்ச நேரம் விடுபட முடியும் என்பதே இந்த ஆய்வின் மதிப்பு.

மருத்துவரைக் காண வேண்டிய நிலை

கவலையில் ஓடும் எண்ணம் ஒரே விஷயத்தைச் சுற்றும், உடல் களைத்திருக்கும். எண்ணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, பேச்சும் வேகமாகி, மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல், பணத்தை வாரி இறைக்கத் தொடங்கினால் அது இருமுனை மனநோயின் எழுச்சி நிலையாக இருக்கலாம். உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பு, ஸ்டீராய்டு மருந்துகள், குடியைத் திடீரென்று நிறுத்துதல் ஆகியவையும் எண்ண ஓட்டத்தை உண்டாக்கும். வாரக்கணக்கில் தூக்கமும் வேலையும் கெட்டால் காத்திருக்க வேண்டாம். அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு நல்ல சான்று உண்டு. மனச்சோர்வு, பதற்ற நோய்களுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் பிடிக்கும். அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளைத் தெரிந்தவர் சொன்னார் என்று கடையில் வாங்கிப் போடுவது பழக்க அடிமைத்தனத்தில் கொண்டுபோய் விடும்.

வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அந்த நேரத்தில் தனியாக இருக்கக் கூடாது. இந்தியாவில் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.