பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன்: ஒளிந்திருக்கும் புற்றுநோய் செல்லை கதிரியக்க மருந்து எப்படி தேடிப் பிடிக்கிறது?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து சில வருஷம் கழித்து, ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ அளவு மறுபடியும் ஏறுகிறது. சிடி ஸ்கேன் எடுத்தால் எதுவும் தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் டாக்டர்கள் எடுக்கச் சொல்வதுதான் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன். இது எப்படி வேலை செய்கிறது?

செல்லின் மேல் என்ன இருக்கு?

ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். அதில் பதிந்திருக்கும் புரதங்களில் ஒன்று பிஎஸ்எம்ஏ. இதன் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரண புராஸ்டேட் செல்லிலும் இது உண்டு. ஆனால் பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோய் செல்களில் பல மடங்கு அதிகம்.

மருந்து எப்படி ஒட்டுகிறது?

இந்தப் புரதத்தில் ஒரு குழி இருக்கு. அதில் பூட்டுக்குச் சாவி மாதிரி பொருந்துகிற சின்ன மூலக்கூறுதான் மருந்தின் ஒரு முனை. மறுமுனையில் கேலியம்-68 என்ற கதிரியக்கத் தனிமம். ஒட்டுகிற வேலை சாவியுடையது. இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது கேலியம்.

ஊசி போட்டு சுமார் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒட்டாத மருந்தில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறும். நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்வது இதனால்தான். கேலியம் வெளியிடும் பாசிட்ரான், பக்கத்தில் உள்ள எலக்ட்ரானோடு மோதி அழியும்போது எதிரெதிர் திசையில் 2 காமா கதிர்கள் பாயும். அவற்றை வைத்து ஸ்கேனர் இடத்தைக் கணிக்கும். 68 நிமிடத்துக்கு ஒருமுறை கேலியத்தின் கதிரியக்கம் பாதியாகிவிடும்.

ஒளிர்ந்தாலே புற்றுநோயா?

இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் எல்லாம் இயல்பாகவே ஒளிரும். அதேபோல, ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில புற்றுநோய் செல்களில் பிஎஸ்எம்ஏ குறைவாக இருக்கும். மிகச் சிறிய கட்டியும் தப்பிவிடலாம். எனவே ரிப்போர்ட்டைப் பார்த்து நாமே பயப்படவோ, நிம்மதி அடையவோ வேண்டாம். பிஎஸ்ஏ அளவையும் மற்ற பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்வார்.

அதே பூட்டு, சிகிச்சைக்கும்!

கேலியத்துக்குப் பதிலாக லுட்டீசியம்-177ஐ இணைத்தால், அதன் பீட்டா கதிர்கள் ஒட்டிய செல்லையே தாக்கும். உடலில் பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய்க்கு இந்தச் சிகிச்சையை அமெரிக்காவின் எஃப்டிஏ 2022 மார்ச்சில் அனுமதித்தது. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் மருந்து சேர்வதால் வாய் உலர்ந்துபோகலாம். முதலில் ஸ்கேன் எடுத்து, புற்றுநோய் செல்லில் பிஎஸ்எம்ஏ இருப்பது உறுதியானவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை. பூட்டே இல்லாத இடத்தில் சாவிக்கு வேலை இல்லையே!