தந்திக் கம்பியும் பனந்தூணும்

வாயிலில் சைக்கிள் மணி ஒலித்து, “தந்தி!” என்ற குரல் கேட்டால், உறையைப் பிரிப்பதற்கு முன்பே வீட்டார் நெஞ்சம் பதைத்த காலம் ஒன்று இருந்தது. 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நம் நாட்டில் அந்தச் சேவை நின்றுவிட்டது. அது தொடங்கியது கல்கத்தா நகரத்தில். தொடங்கியவரோ பொறியாளர் அல்லர், ஒரு மருத்துவர்.

வில்லியம் ஓ’ஷாக்னெஸி அயர்லாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக வங்காளம் வந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் போதித்தவர். 1839இல் அவர் மூங்கில்களை நட்டு, இருபது மைலுக்கு மேற்பட்ட கம்பியை அவற்றின்மீது திரும்பத் திரும்ப இழுத்துக் கட்டி, மின்சாரத்தால் செய்தி அனுப்பிக் காட்டினார். அமெரிக்காவில் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குப் புகழ்பெற்ற செய்தியை அனுப்பியது 1844இல்தான் என்பதை நினைத்தால் இம்முயற்சியின் அருமை விளங்கும். எனினும், கம்பெனி சர்க்கார் பத்து ஆண்டுகளுக்கு மேல் இதனைப் பொருட்படுத்தவில்லை.

டல்ஹௌஸி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, கல்கத்தாவுக்கும் டைமண்ட் துறைமுகத்துக்கும் இடையே சோதனைப் பாதை ஒன்று அமைக்க அனுமதி கிட்டியது. 1851இல் அது செயற்படலாயிற்று. மெல்லிய கம்பிக்குப் பதிலாக ஓ’ஷாக்னெஸி கனத்த இரும்புக் கோல்களைப் பயன்படுத்தினார். குரங்கு தாவினாலும் பறவைக் கூட்டம் அமர்ந்தாலும் அறுந்துபோகாத பாதையே இந்நாட்டுக்கு ஏற்றது என்பது அவர் கருத்து. ஐரோப்பாவில் வழங்கிய நுட்பமான கருவிகளை விடுத்து, எளிய கருவி ஒன்றைத் தாமே வகுத்துக்கொண்டார்.

1852இல் இரண்டாம் பர்மியப் போர் மூண்டது. ரங்கூன் வீழ்ந்த செய்தி இப்பாதை வழியாகவே கல்கத்தாவுக்கு விரைந்து எட்டியது. அதன்பின் டல்ஹௌஸி தாமதிக்கவில்லை. அவ்வாண்டிலேயே ஓ’ஷாக்னெஸியைச் சீமைக்கு அனுப்பினார். கம்பெனி இயக்குநர்களின் இசைவைப் பெறுதல், நாகம் பூசிய இரும்புக் கம்பியையும் பிற சாதனங்களையும் கொள்முதல் செய்தல், தொழிலாளரைத் திரட்டிப் பயிற்றுதல் ஆகியவை அப்பயணத்தின் காரியங்கள். 1853 நவம்பரில் வேலை தொடங்கியது. 1854 மார்ச்சில் ஆக்ரா வரை சுமார் 800 மைல் தூரம் பாதை முடிந்துவிட்டது. 1855 பிப்ரவரியில் பொதுமக்களும் தந்தி அனுப்பலாம் என்றாயிற்று.

ஆனால், கப்பலில் வந்திறங்கிய கம்பி தானாக நிமிர்ந்து நிற்குமா? அதைத் தாங்கும் தூண் இந்த மண்ணில்தான் கிடைக்கவேண்டும். தென்னாட்டில் சிலவிடங்களில் கருங்கல்லே தூணாயிற்று. கிழக்கு வங்கத்துக்குப் பாதை அமைக்கையில் விலையுயர்ந்த மரங்களுக்குப் பதிலாகப் பனை மரங்களை நடச் செய்தவர் சிவசந்திர நந்தி என்னும் வங்காளி. கல்கத்தா நாணயச் சாலையில் ஓ’ஷாக்னெஸியின்கீழ்ப் பணியில் சேர்ந்தவர் அவர். டைமண்ட் துறைமுகத்திலிருந்து முதற் செய்தியை அனுப்பிய கை அவருடையதே. பத்மா நதியைக் கடக்க ஏழு மைல் நீளமுள்ள வடத்தை இடவேண்டியிருந்தபோது, நீராவிக் கப்பலின் வாடகை மிகுதி எனக் கண்டு, மீன்பிடி படகுகளைக்கொண்டே அவ்வேலையை முடித்தார். ஆற்றின் போக்கை அறிந்த படகோட்டிகளின் அனுபவம் அங்கே சர்க்காருக்குப் பணமாக மிச்சமாயிற்று.

தந்தியால் விளைந்தவை யாவும் நமக்கு நன்மையாயின என்று சொல்வதற்கில்லை. 1857 எழுச்சியை அடக்க ஆங்கிலேயருக்கு அது பெருந்துணையாயிற்று. ஆளுவோரின் வசதிக்காகவே முதலில் நடப்பட்ட தூண்கள் அவை. பிற்காலத்தில் அதே கம்பியில் விலை நிலவரமும், பிள்ளைப் பேறும், மரணச் செய்தியும் சென்றன. மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர்.

ஓ’ஷாக்னெஸிக்கு 1856இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது. சிவசந்திர நந்தி பின்னாளில் ராய் பகதூர் ஆனார். பனை வெட்டியவர், குழி தோண்டியவர், பத்மாவின் சுழலில் துடுப்புப் பிடித்தவர் பெயர்களை நாம் அறியோம். வரலாற்றைப் படிக்கும்போது, இயந்திரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்பதோடு நில்லாமல், அதை இந்த மண்ணில் நிறுத்தியவர் யார் என்றும் கேட்பது நமது கடமை.