சீரோடு போன புழு

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் ஒற்றசேகரமங்கலம் எல்லைக்கு இந்தப் பக்கம், அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர் அந்தப் பக்கம். ஆனாலும் சீரோடு ஏத்தன் வாழைக்கன்றுகள் போவது நிற்கவில்லை.

மூன்றாம் வருஷம் அத்தை வீட்டு விளையில் குலை தள்ளிய வாழைகள் கிழங்கோடு சாய்ந்தன. பெருங்காற்று ஏதும் இல்லை. "கண்ணு பட்டுது" என்றாள் அத்தை. "முட்டு பலமில்லே" என்றார் தாத்தா. சாய்ந்த கிழங்கில் வேர்கள் கறுத்து, விரல்நீளத்துக்கு ஒடிந்து நின்றன. அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

குனிந்து பார்த்தவர்கள் உலகில் ஏற்கெனவே இருந்தார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் பருத்தி வாடுவதை ஆராய்ந்த அட்கின்சன், வேரில் நூற்புழு முடிச்சுகள் உள்ள இடத்தில் வாடல் நோய் மிகுவதை 1892இல் எழுதினார். அடுத்த ஆண்டே காப் என்பவர் பிஜித் தீவு வாழை வேரில் கண்ட வேறொரு புழுவை விவரித்தார். நம் நாட்டில் 1901இல் பார்பர், நீலகிரி தேவாலாவில் தேயிலை வேரைத் தோண்டிப் பார்த்து வேர்முடிச்சுப் புழுவைப் பதிவு செய்தார். காப் கண்ட புழு கேரள வாழையிலும் இருப்பதை நாயர், தாஸ், மேனன் ஆகிய மூவர் 1966இல்தான் வெளியிட்டார்கள்.

ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத இது முடிச்சுப் போடாது. வேரைக் குடைந்துகொண்டே போகும். குடைந்த இடம் செம்பழுப்பாகிப் பிறகு கறுக்கும். பிடிப்பற்ற வாழை, குலைப் பாரம் தாங்காமல் சாயும். இந்தோனேசியாவின் பாங்கா தீவில் ஏறத்தாழ 2 கோடி மிளகுக்கொடிகள் அழிந்ததும் இதே புழுவால்தான். நம் வீட்டு விளைகளில் மிளகும் வாழையும் அடுத்தடுத்து நிற்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது! புழுவுக்குக் காலில்லை. ஊர்விட்டு ஊர் போக அதற்குப் பெரும்பாலும் மனிதன் கையும் கன்றும் வேண்டும்.

மருந்து தாத்தாவுக்குத் தெரியாததல்ல. சந்தையில் வாங்கிய கன்றின் வேரைக் களைந்து, கிழங்கின் மேல்தோலைச் செத்தி, சாணிக்கரைசலும் சாம்பலும் பூசி வெயிலில் காயவைத்துத்தான் நடுவார். புழு தங்கும் இடம் அந்த வேரும் மேல்தோலும்தான். செத்திய கிழங்கை 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் வைக்கலாம் என்பது பின்னாளில் வந்த அறிவு. ஆனால் சீர்க்கன்றை மட்டும் தாத்தா செத்தமாட்டார். "சம்பந்தக்காரனுக்கு வெட்டுப்பட்ட கன்னையா குடுக்குறது?" பச்சைவேரும் மண்ணுமாகக் கொடுப்பதுதான் மரியாதை. அவர்களும் அப்படியே நட்டார்கள்.

வெகுகாலம் கழித்து இதையெல்லாம் படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். "அப்போ அவளுக்குப் பட்டது கண்ணு இல்லே, நம்ம கன்னா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தோன்றவில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு எடுத்துவைத்திருந்த கன்றுகளை மறுநாள் திண்ணையில் போட்டு, வெட்டுக்கத்தியோடு உட்கார்ந்தார்.