சொல்லாமல் விட்ட குற்றம்

மாரடைப்போ புற்றுநோயோ வந்து படுக்கையில் விழுந்த ஒருவர், அந்த ஆபத்துக்கென்றே வருஷக்கணக்காகப் பிரீமியம் கட்டிவந்த பாலிசியை எடுத்து நீட்டும்போது, புகைபிடிக்கும் வழக்கத்தை விண்ணப்பத்தில் தெரிவிக்காததால் ஒப்பந்தமே செல்லாது என்று கம்பெனி பதில் எழுதுகிறதே, அந்தப் பதிலுக்கு ஆதாரமான சித்தாந்தம், இன்ஷூரன்ஸ்காரர் தோற்றுப்போன ஒரு வழக்கிலிருந்து வந்தது என்பது விசித்திரமான விஷயம்.

சுமத்திராவின் மேற்குக் கரையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மிளகு வியாபாரத்துக்காக வைத்திருந்த மார்ல்பரோ கோட்டையின் கவர்னர் கார்ட்டர், கோட்டை அந்நியர் வசமானால் தமக்கு நேரும் நஷ்டத்துக்காக, லண்டனிலிருந்த சகோதரர் மூலம் 1760-ல் பாலிசி எடுத்தார். அதே வருஷம் பிரெஞ்சுத் தளபதி தெஸ்தாங் வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார். பணம் தரவேண்டிய சார்லஸ் போயம், கோட்டையின் பலவீனத்தையும் பிரெஞ்சுக்காரர் படையெடுக்கக்கூடும் என்ற அச்சத்தையும் கவர்னர் மறைத்துவிட்டதாக வாதாடினார். 1766-ல் தீர்ப்புரைத்த மான்ஸ்ஃபீல்ட் பிரபு, ஒருவர் மட்டுமே அறிந்த விஷயத்தை வஞ்சகமாக மறைப்பது ஒப்பந்தத்தைக் குலைக்கும் என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும் அந்தச் சத்தியக் கடமை இரு தரப்பாருக்கும் உரியதென்றும், கோட்டையின் கவர்னருக்கான பாலிசி என்று தெரிந்திருந்தும் ஒரு கேள்வியும் கேளாமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டவர் பிற்பாடு குறைகூற இடமில்லையென்றும் சொல்லி, கார்ட்டர் பக்கமே நின்றார்.

பின்வந்தவர்கள் அத்தீர்ப்பின் முற்பாதியை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். விவேகமுள்ள இன்ஷூரன்ஸ்காரர் மனத்தில் படத்தக்க விவரம் அனைத்தையும் தாமாகவே முன்வந்து சொல்லவேண்டும் என்று 1906-ஆம் வருஷத்துக் கடல் இன்ஷூரன்ஸ் சட்டம் கப்பல் முதலாளிக்கு விதித்த பாரத்தை, ஆயுள் பாலிசி எடுக்கும் சாமானியக் குமாஸ்தாவும் சுமக்கும்படி ஆயிற்று.

இந்தப் பாரம் நோய்க்கான பாலிசிக்கும் வந்துசேர்ந்தது. 1983-ல் தென்னாப்பிரிக்காவில், உயிர்பிழைத்த நோயாளிகள் பணமின்றித் தவிப்பதைக் கண்டு மனம் வருந்திய இருதய சிகிச்சை நிபுணர் மாரியஸ் பார்னார்ட் — 1967-ல் உலகின் முதல் இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்த கிறிஸ்டியன் பார்னார்டின் தம்பி — மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், இருதய பைபாஸ் சிகிச்சை ஆகிய நான்குக்கும் உயிரோடிருக்கையிலேயே தொகை தரும் பாலிசியைத் தோற்றுவித்தார். கருணையில் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் புகையையும் மதுவையும் சார்ந்து வரக்கூடிய வியாதிகள் இவையாதலால், தகராறும் கூடவே வந்தது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் புகையிலை உபயோகித்ததுண்டா என்று விண்ணப்பம் கேட்கும். பழக்கத்தை விட்டுவிட்டதாக நம்பி, கல்யாண வீட்டில் மட்டும் நண்பர் நீட்டியதை வாங்கிப் பற்றவைத்தவர் 'இல்லை' என்று எழுதுவார். நோய் வந்தபின் டாக்டரிடம் பயந்துபோய் உள்ளபடி சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரிக் குறிப்பில் ஏறி, கம்பெனியின் மேஜைக்குப் போய்ச் சேரும்.

இந்த அநீதியைப் பிரிட்டனில் 2012-ஆம் வருஷத்துச் சட்டம் பெரும்பாலும் களைந்தது. அதன்படி, சொந்தத் தேவைக்குப் பாலிசி எடுப்பவர் கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதிலளித்தால் போதும். அஜாக்கிரதையால் தவறியிருந்தால், நூறு பவுன் கட்டியவரிடம் உண்மை தெரிந்து இருநூறு வசூலித்திருப்பார்களெனில், பாதித் தொகையாவது தந்தாகவேண்டும். தெரிந்தே பொய் சொன்னவருக்கோ ஒன்றுமில்லை. அவருக்காக இரங்க எனக்கும் மனமில்லை.

இந்தியாவிலோ காலவரையறையே கவசம். 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு, 2015-ல் திருத்தப்பட்டபின், மூன்று வருஷம் கடந்த ஆயுள் பாலிசியை எக்காரணம் கொண்டும் ஆட்சேபிக்க இடந்தருவதில்லை.