கெடா தோட்டப்புறங்களில் பயணத் தொடர்பு

மலேசியாவின் வடமேற்கு மாநிலமான கெடாவில் கார், வேன், கேம்பர்வேன் ஆகியவற்றில் பயணம் செய்வோருக்குக் கைப்பேசி அழைப்பும் இணையமும் எங்கே கிடைக்கின்றன, எங்கே அறுபடுகின்றன, அறுபட்ட இடத்தில் என்ன செய்யலாம் என்பது பற்றியது இக்கட்டுரை. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை நெடுகிலும், அலோர்ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் ஆகிய நகரங்களிலும் பெரிய குறையில்லை. நெடுஞ்சாலையை விட்டிறங்கி, ரப்பரும் செம்பனையும் அடர்ந்த தோட்டச் சாலையில் சில கிலோமீட்டர் உள்ளே போனால் நிலைமை மாறிவிடுகிறது. கூகுள் வரைபடம் நின்றுபோகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி ஒற்றைக் குறியோடு தங்கிவிடும். ‘லைன் இல்ல’ என்பதே இங்குள்ளவர்கள் அதற்குச் சொல்லும் சொல்.

பின்புலம்

பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் ஒரு தலைமுறைக்கு முன்வரை தொலைபேசி என்றால் அது தோட்டத்து ஆபீஸில் இருந்த ஒன்றுதான். ஊரில் சாவு என்றாலும் பிரசவம் என்றாலும் அங்கிருந்த எழுத்தரான கிராணியிடம் சொல்லித்தான் சேதி போகவேண்டும். மலேசியாவில் கம்பியில்லாக் கைப்பேசிச் சேவை 1985-இல் ‘அத்தூர் (ATUR) 450’ என்ற பெயரில் தொடங்கியது. ஜிஎஸ்எம் சேவை 1995-இல் வந்தது. 3ஜி வலையமைப்பு 2021 இறுதியோடு மூடப்பட்டு, அதன் அலைவரிசை 4ஜிக்குத் திருப்பப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டிஜிட்டல் நேஷனல் நிறுவனத்தின் 5ஜி அறிமுகமானது. கைப்பேசிச் சேவை நிறுவனங்களான செல்கோமும் டிஜியும் 2022 நவம்பரில் ஒரே நிறுவனமாக இணைந்தன.

3ஜி மூடலின் விளைவு ஒன்றைப் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டும். 4ஜி வழியாகக் குரல் அழைப்பு எடுக்கும் வசதி இல்லாத பழைய கைப்பேசி, அழைப்பு வந்தால் 2ஜிக்கு இறங்கிவிடும். அழைப்பு முடியும்வரை இணையம் அநேகமாகச் செத்துப்போகும். அந்த வசதியுள்ள கைப்பேசியின் அமைப்புகளில் ‘வோல்ட்டி’ என்ற தெரிவைத் திறந்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தோட்டத்துக்குள் லைன் ஏன் அறுபடுகிறது

முதற்காரணம் கணக்கு. 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா என்ற தேசிய இணைய விரிவாக்கத் திட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி கொடுப்பதை முதற்கட்ட இலக்காக வைத்தது. 5ஜிக்கு 2023 இறுதிக்குள் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காடு என்ற இலக்கு. இரண்டும் நாடு கண்ட பெரிய முன்னேற்றம், அதில் ஐயமில்லை. ஆனால் ‘மக்கள் வாழும் பகுதி’ என்ற அளவுகோல் சாலையையும் வயலையும் மரக்காட்டையும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இருந்த, லயம் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் இன்று சில வீடுகளே மிச்சம். பலர் சுங்கை பட்டாணி, கூலிம் நகரங்களின் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வேலையை இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். ஆள் குறைந்த இடத்தில் கோபுரம் எழுப்புவது நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்திலிருந்து பங்கு பெறும் பொதுச்சேவை நிதி இருக்கிறது. எனினும் தோட்டம் தனியார் நிலம். கோபுரத்துக்கு நில உரிமையாளரின் இசைவும் ஒப்பந்தமும் வேண்டும். அரசு நிலத்தில் உள்ள கம்போங் எனும் கிராமத்துக்கு வரும் வசதி, பக்கத்திலேயே உள்ள லயத்துக்குத் தாமதமாக வருவதில் இதற்கும் பங்குண்டு.

இரண்டாவது, மரம். முற்றிய ரப்பர் மரம் 20 மீட்டர் உயரத்தைத் தாண்டும். இலையிலுள்ள நீர் வானொலி அலையை உறிஞ்சுகிறது. மழையில் நனைந்த தோப்பில் இழப்பு இன்னும் கூடும். அலைவரிசை உயர உயர இழப்பும் உயரும். ஆகவே 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தோப்பை ஓரளவு ஊடுருவி வரும். நகரத்தில் வேகம் தரும் 2600 மெகாஹெர்ட்ஸும் 5ஜியின் 3.5 கிகாஹெர்ட்ஸும் தோப்பின் விளிம்பிலேயே தேய்ந்துவிடும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் இலையுதிர்க்கும்போது இந்தத் தடை சற்றுத் தளரும். செம்பனைக்கு அப்படியொரு பருவம் இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்களில் ஆண்டு முழுவதும் ஒரே பசுமை, ஒரே தடை.

மூன்றாவது, மலை. 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை, குருண், யான், பீடோங் ஆகிய ஊர்களின் நடுவே தனித்து நிற்கிறது. கோபுரம் ஒரு பக்கமும் பயணி மறுபக்கமும் இருந்தால் அலை வந்து சேராது. யான் பக்கத்து நெல்வயல் சமவெளியில் தூரத்துக் கோபுரமும் எட்டும். அடிவார மடிப்புகளில் பக்கத்துக் கோபுரமும் எட்டாது. பாலிங், சீக் வட்டாரங்கள் முழுக்கக் குன்றும் பள்ளமும்தான். பெடு ஏரி, உலு மூடா காடு ஆகியவற்றை நோக்கிப் போகிறவர்கள் லைன் இருக்காது என்று வைத்துக்கொண்டே கிளம்பவேண்டும். பாலிங்கிலிருந்து பெங்காலான் உலு வழியாகக் கிரிக் சென்று கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையைப் பிடிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தொடர்பை மேம்படுத்தும் வழிகள்

செலவில்லாத வழிகளை முதலில் பார்ப்போம். கைப்பேசித் திரையில் தெரியும் கோடுகளை நம்பவேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் சிம் நிலைப் பக்கத்தில் சமிக்ஞை வலிமை டிபிஎம் அளவில் இருக்கும். மைனஸ் 80-ஐ ஒட்டியிருந்தால் நல்ல தொடர்பு. மைனஸ் 100-ஐத் தாண்டினால் வேகம் விழும். மைனஸ் 115-ஐ நெருங்கினால் எந்த நேரமும் அறுபடும். லயத்து வாசலில் மைனஸ் 112 காட்டும் கைப்பேசி, நூறடி நடந்து மேட்டிலுள்ள கோயில் பக்கம் போனால் மைனஸ் 100 காட்டக்கூடும். இந்தப் பன்னிரண்டு புள்ளி வேறுபாடு பதினைந்து மடங்குக்கும் அதிகமான வலிமை வேறுபாடு. வேனை எங்கே நிறுத்துவது என்பதை இந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருப்பது அடுத்த வழி. 4ஜியில் ஒருவருக்குக் கோபுரம் இல்லாத இடத்தில் மற்றவருக்கு இருக்கலாம். ஆனால் ஒரே கோபுர வலையமைப்பைப் பயன்படுத்தும் இரண்டு சிம் வாங்கினால் பணம்தான் வீண்.

வேனின் இரும்புக் கூடும், வெயிலுக்காக ஒட்டிய உலோகப் படலக் கண்ணாடியும் அலையை மறைக்கின்றன. அடிக்கடி பயணம் செய்கிறவர்களுக்கு, வெளி ஆன்டெனா பொருத்தும் வசதியுள்ள 4ஜி அல்லது 5ஜி ரவுட்டரை 12 வோல்ட் மின்சாரத்தில் ஓட்டுவது நல்ல தீர்வு. ஓடும் வண்டிக்கு எல்லாத் திசையும் பிடிக்கும் ஆன்டெனா வேண்டும். நிறுத்தி வைத்த வண்டிக்குக் கோபுரத்தை நோக்கித் திருப்பும் ஆன்டெனா கூடுதல் பலன் தரும். கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெல்லிய கேபிள் ஐந்தாறு மீட்டர் ஓடினால், கூரையில் ஏற்றியதால் கிடைத்த பலன் பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடும். ரவுட்டரைக் கூரைக்கு அருகில் வைத்து, கேபிளைக் குறைப்பதே முறை.

கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் ‘பூஸ்டர்’ கருவிகளை வாங்கவேண்டாம். அனுமதியற்ற அலைபெருக்கியைப் பயன்படுத்துவது 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம். அது பக்கத்துக் கோபுரத்தின் சேவையையே கெடுக்கும். ஒருவர் வேனில் இரண்டு கோடு கூடுவதற்காகத் தோட்டத்து மக்கள் அனைவரும் லைனை இழப்பது நியாயமில்லை.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் மலேசியாவில் 2023 ஜூலையில் உரிமம் பெற்றது. அதற்குத் திறந்த வானம் தேவை. தோப்பு நடுவே அது பயன்படாது. தோட்டத்துத் திடலில் வைத்தால் நன்றாக வேலை செய்யும். கனமழையில் சற்றுத் தடைபடும். மின்சாரமும் அதிகம் இழுக்கும் என்பதால் வேனில் தனிப் பேட்டரி இருப்பது நல்லது.

திருவிழா, எல்லை, அவசரம்

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு, வெளியூர் போனவர்கள் எல்லாம் குடும்பத்தோடு திரும்பி வருவார்கள். தேர் கிளம்பும் நேரத்தில் ஆயிரம் கைப்பேசிகள் ஒரே கோபுரத்தை மொய்க்கும். கோடுகள் முழுதாகத் தெரியும், படம் மட்டும் போகாது. இது வலிமைக் குறைவு அல்ல, நெரிசல். ஆன்டெனா மாற்றிப் பயனில்லை. சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே பேசிவைப்பதும், வரைபடத்தைச் சுங்கை பட்டாணியிலேயே பதிவிறக்கிக்கொள்வதும் உதவும். தோட்டத்துச் செம்மண் சாலைகள் பல வரைபடத்தில் இருக்காது என்பதையும் நினைவில் கொள்க.

புக்கிட் காயு ஹீத்தாம், சிந்தோக் பக்கம் கைப்பேசி தானாகவே தாய்லாந்து வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளலாம்; கட்டணம் எகிறும். எல்லையை நெருங்கும்போது தானியங்கித் தேர்வை நிறுத்தி, சொந்த நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுக்கவேண்டும். லங்காவியின் வடகரையிலும் இதே எச்சரிக்கை தேவை.

பாலிங்கின் கூப்பாங் பகுதியில் 2022 ஜூலை 4-இல் வந்த திடீர் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. மலையடி ஆற்றோரம் வண்டி நிறுத்தித் தங்குகிறவர்கள், லைன் கிடைக்கும் இடம் எது என்பதைப் பகலிலேயே பார்த்து வைக்கவேண்டும். அவசர எண் 999. கைப்பேசியில் 112 அழைத்தாலும் அங்கேயே போகும். சொந்த நிறுவனத்துக்கு லைன் இல்லாவிட்டாலும், வேறு எந்த நிறுவனத்தின் கோபுரம் எட்டினாலும் இந்த அழைப்பு போகும்.

தோட்டத்தில் லைன் அறுபட்டால் அந்த இடத்தின் ஆயத்தொலைவைக் குறித்துக்கொண்டு, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் இணையப் பக்கத்தில் புகார் பதியுங்கள். பயணி அன்றே ஊர் திரும்பிவிடுவார். அங்கே குடியிருக்கும் தொழிலாளிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அந்தப் புகார் தேவைப்படுகிறது.