பத்திரமும் உழவும்: பாலஸ்தீன நிலச் சட்டங்களின் அரசியல் வரலாறு

இஸ்ரேலியர்–அரபியர் மோதலைப் போர்களின் வரிசையாகச் சொல்வது வழக்கம்: 1948, 1956, 1967, 1973. எல்லைகளை மாற்றியவை போர்களே. ஆயினும் ஒரு வயலில் யார் உழலாம், யார் வெளியேற வேண்டும் என்பது பல இடங்களில் நிலப் பதிவேட்டை வைத்தே தீர்மானிக்கப்பட்டது. அந்தப் பதிவேடு, பாலஸ்தீனத்தில் யூதர் தாயகத்துக்கு 1917இல் பிரிட்டன் ஆதரவு தெரிவித்த பால்ஃபர் பிரகடனத்துக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மூத்தது. ஒட்டோமான் பேரரசு 1858இல் இயற்றிய நிலச் சட்டத்தில் அது தொடங்குகிறது. ஆட்சிகள் மூன்று நான்கு மாறிய பின்பும் அந்தச் சட்டம் சாகவில்லை. வந்த ஒவ்வோர் ஆட்சியும் அதைத் தன் தேவைக்கேற்ப வளைத்துக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லுக்கு அன்று வேண்டியிருந்தது வரி. விளைநிலத்தின் பெரும்பகுதி ‘மீரி’ என்ற வகையில் சேர்ந்தது. அதில் உடைமை அரசுக்கு, அனுபவ உரிமை உழுபவருக்கு. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தரிசாகப் போட்டால் அந்த உரிமை போய்விடும். ஊரின் கடைசி வீட்டிலிருந்து உரக்கக் கூவினால் குரல் எட்டாத தூரத்தில் கிடக்கும் நிலம் ‘மவாத்’, அதாவது செத்த நிலம். இரண்டு விதிகளையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 120 ஆண்டுகள் கழித்து இவை ராணுவ நிர்வாகத்தின் கையில் மறுபடி வரும்.

பல கிராமங்களில் நிலம் ‘முஷா’ முறையில் பொதுவாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்கு பிரித்து மாற்றிக்கொள்வார்கள். தன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினால் வரிக்காரனும் படைக்கு ஆள் பிடிப்பவனும் வீடு தேடி வருவார்கள் என்று உழவர்கள் அஞ்சினார்கள். அதனால் நகரத்துப் பெரிய குடும்பங்களின் பெயரில் நிலம் பதிவாவதற்கு விட்டுவிட்டார்கள். உழவு மாறவில்லை, வாரம் கொடுப்பதும் மாறவில்லை. பத்திரம் மட்டும் கைமாறியது. 1867 முதல் வெளிநாட்டவரும் நிலம் வாங்கலாம் என்றானது. பெய்ரூத்தைச் சேர்ந்த வணிகக் குடும்பமான சுர்சுக்குகள் 1870களில் மர்ஜ் இப்ன் ஆமிர் சமவெளியில், அதாவது யூதர்கள் யெஸ்ரியேல் பள்ளத்தாக்கு என்றழைக்கும் பகுதியில், கிராமம் கிராமமாக வாங்கினார்கள். தம் வயலுக்குப் புதிய உடையவர் வந்திருப்பதை அங்கே உழுதவர்களில் பலர் உணராமலே தலைமுறை கடந்திருக்கும்.

பாலஸ்தீனத்தில் யூதர் தாயகம் கோரிய சியோனிச இயக்கத்தின் மாநாடு 1901இல் யூத தேசிய நிதியத்தை நிறுவியது. அது வாங்கும் நிலம் யூத மக்களின் நிரந்தரச் சொத்து; விற்க முடியாது, குத்தகைக்கு மட்டுமே விடலாம். சந்தையில் வாங்கப்பட்ட நிலம் இதனால் சந்தைக்குத் திரும்பும் வழி அடைபட்டது. இதன் பொருளை உடனே புரிந்துகொண்டவர்களில் ஒருவர் நாசரேத்தின் மாவட்ட அதிகாரி ஷுக்ரி அல்-அசலி. 1910இல் இலியாஸ் சுர்சுக் அல்-ஃபூலா கிராமத்தின் சுமார் 10,000 துனம் நிலத்தை விற்றபோது (ஒரு துனம் ஏறத்தாழ கால் ஏக்கர்) அவர் பத்திரத்தைக் கைமாற்ற மறுத்தார். பத்திரிகைகளில் எழுதினார். மேலிடம் அவரை மீறியது. 1911இல் அங்கே மெர்ஹாவியா குடியிருப்பு எழுந்தது. அல்-அசலி ஒட்டோமான் நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி அங்கும் இதையே பேசினார். 1916இல் அவரைத் தூக்கிலிட்டவர்கள் சியோனிஸ்டுகளோ பிரிட்டிஷாரோ அல்லர், ஒட்டோமான்களே.

பிரிட்டிஷ் ஆட்சியில் சுர்சுக் விற்பனை வேகம் பிடித்தது. 1921க்கும் 1925க்கும் இடையில் சமவெளியின் பெரும்பகுதி கைமாறியது, குத்தகை உழவர்கள் இழப்பீட்டுத் தொகையுடன் வெளியேறினர். சட்டப்படி குற்றம் ஏதுமில்லை. 1929 கலவரத்துக்குப் பின் வந்த ஷா ஆணையமும், அடுத்த ஆண்டு ஜான் ஹோப் சிம்ப்சன் அளித்த அறிக்கையும் நிலமற்ற உழவர்களின் பெருக்கத்தைச் சுட்டிக்காட்டின. அவற்றின் அடிப்படையில் பிரிட்டிஷ் குடியேற்றநாட்டு அமைச்சர் பாஸ்ஃபீல்டு பிரபு 1930 அக்டோபரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையை, 1931 பிப்ரவரியில் பிரதமர் மெக்டொனால்டு சியோனிசத் தலைவர் வைஸ்மனுக்கு எழுதிய கடிதம் ஏறக்குறைய ரத்துசெய்தது. நிலம் விற்றவர்கள் பெய்ரூத்துக்காரர்கள் மட்டுமல்லர். மேடையில் விற்பனையைக் கண்டித்த பாலஸ்தீனத் தலைவர்களின் குடும்பங்களும் மறைவில் விற்றன. 1936–39 அரபுக் கிளர்ச்சியின்போது கிராமத்து ஆயுதக் குழுக்களின் கோபம் நகரத்துப் பெருங்குடிகள் மீதும் பாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

“நிலத்தை விலை கொடுத்து வாங்கினோம்” என்பதும் “நிலம் திருடப்பட்டது” என்பதும் இன்றைக்கும் நேருக்கு நேர் மோதும் வாதங்கள். கணக்கைப் பார்த்தால் முதல் வாதம் சிறிய பரப்புக்கே பொருந்துகிறது. பிரிட்டிஷ் ஆட்சி முடியும்வரை யூதர் வாங்கிய நிலம் பாலஸ்தீனப் பரப்பில் 6 அல்லது 7 விழுக்காடுதான். 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. வகுத்த பிரிவினைத் திட்டம் யூத அரசுக்குச் சுமார் 55 விழுக்காட்டை ஒதுக்கியது. 1949 போர்நிறுத்தக் கோடுகளுக்குள் இஸ்ரேல் பெற்றது ஏறக்குறைய 78 விழுக்காடு. இடையில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் அகதிகளானார்கள்.

போரில் கிடைத்ததைப் பதிவேட்டில் ஏற்றும் வேலையைச் செய்தது 1950 மார்ச்சில் வந்த ‘வராதோர் சொத்துச் சட்டம்’. அதற்கான முன்மாதிரிகளைத் தேடிய அதிகாரி சல்மன் லிஃப்ஷிட்ஸ் பார்த்தவற்றுள் ஒன்று, இந்தியப் பிரிவினைக்குப் பின் வெளியேறியோர் சொத்துக்காகப் பாகிஸ்தான் போட்ட சட்டம். தன் ஊரை விட்டுப் போரின்போது பகை நாட்டுக்கோ பகைப்படை வசமிருந்த பகுதிக்கோ போனவர் ‘வராதவர்’. திரும்பி வந்து இஸ்ரேலியக் குடிமகனாகி, பறிபோன தன் வயலுக்குப் பக்கத்து ஊரிலேயே வசிப்பவரும் ‘வராதவர்’தான். 1953இல் வந்த இன்னொரு சட்டம் மிச்சத்தையும் முறைப்படுத்தியது. 1960இன் அடிப்படைச் சட்டத்துக்குப் பின், நாட்டின் நிலத்தில் சுமார் 93 விழுக்காடு விற்க முடியாத பொது உடைமையாக நின்றது. யூத தேசிய நிதியத்தின் பழைய விதி அரசின் விதியானது.

கலிலேயாவின் இக்ரித் கிராமத்தார் 1948 நவம்பரில் ராணுவம் சொன்னபடி ஊரைக் காலி செய்தார்கள். சில நாளில் திரும்பலாம் என்பது அவர்களுக்குக் கிடைத்த உறுதி. உச்ச நீதிமன்றம் 1951 ஜூலையில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் வேளையில் ராணுவம் அந்தக் கிறிஸ்தவ ஊரின் வீடுகளைத் தகர்த்தது. தேவாலயம் மட்டும் மிஞ்சியது.

எதிர்ப்பக்கத்திலும் பதிவேடு இதே வேலையைச் செய்தது. நாட்டை விட்டுப் போகும் யூதரின் குடியுரிமையை ஈராக் 1950இல் நீக்கியது. 1951 மார்ச்சில் அவர்களுடைய சொத்தை முடக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறக்குறைய வெறுங்கையோடு இஸ்ரேல் வந்திறங்கினார்கள். வெளியுறவு அமைச்சர் மோஷே ஷாரெத் அதே மாதம், இந்த இழப்பைப் பாலஸ்தீன அகதிகளுக்குத் தர வேண்டிய இழப்பீட்டில் கழித்துக்கொள்வோம் என்று அறிவித்தார். இரு தரப்பிலும் சொத்தை இழந்த குடும்பங்களின் கையில் ஒன்றும் சேரவில்லை. அரசுகளுக்கு மட்டும் கணக்கு நேரானது.

1967இல் இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக் கரையில், அதுவரை அதை ஆண்ட யோர்தான் தொடங்கியிருந்த உரிமைப் பதிவு மூன்றில் ஒரு பங்கு நிலத்தில்தான் முடிந்திருந்தது. 1968இல் ராணுவ ஆணை ஒன்று அப்பணியை நிறுத்திவைத்தது. முதலில் குடியேற்றங்களுக்கான நிலம் ‘ராணுவத் தேவை’ என்ற பெயரில் எடுக்கப்பட்டது. நாப்லூஸ் அருகே எலோன் மோரே வழக்கில் அது சிக்கியது. குடியேற வந்தவர்களே, தாங்கள் வந்திருப்பது பாதுகாப்புக்காக அல்ல, விவிலியம் தந்த உரிமைக்காக என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். 1979 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர்களை அகற்ற உத்தரவிட்டது. பாலஸ்தீன உழவர்களுக்கு இது வெற்றியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. சட்டத்துறை அதிகாரி பிளியா ஆல்பெக் 1858இன் சட்டத்தை எடுத்துப் பிரித்தார். மூன்றாண்டுத் தரிசு விதியும் செத்த நில விதியும் உயிர்பெற்றன. வரிக்காக எல்லாரையும் உழவைக்க வகுத்த விதி, உழாத பாறைச் சரிவுகளையெல்லாம் அரசுக்குச் சேர்க்கும் விதியானது. வான்வழிப் படங்களில் பயிர் தெரியாத நிலம் ‘அரசு நிலம்’ என்று அறிவிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் இவ்வாறு அறிவிக்கப்பட்டது லட்சக்கணக்கான துனம். எலோன் மோரேயும் அருகிலிருந்த அத்தகைய நிலத்துக்கே இடம் மாறியது. நீதிமன்றத் தோல்வி குடியேற்றத்துக்கு இன்னும் அகலமான வாசலைத் திறந்துவிட்டது என்றே கருத வேண்டியிருக்கிறது.

கிழக்கு எருசலேமில் 1970இன் சட்டம் 1948க்கு முந்தைய யூத உடைமையாளர் தம் சொத்தைத் திரும்பக் கோர வழிசெய்தது. மேற்கு எருசலேமில் வீடிழந்த பாலஸ்தீனருக்கு அப்படி வழியில்லை. 1956இல் யோர்தானும் ஐ.நா.வும் ஷேக் ஜர்ராவில் குடியமர்த்திய 28 அகதிக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வழக்கில் கிடப்பது இதனால்தான். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் 1995இல் செய்த இரண்டாம் ஓஸ்லோ உடன்பாடு மேற்குக் கரையின் பெரும்பகுதியை ‘சி’ பகுதியாக இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் விட்டது. பாலஸ்தீன அதிகார சபை தன் பங்குக்கு 1997இல், யூதருக்கு நிலம் விற்பவருக்கு மரண தண்டனை என்று அறிவித்தது. 2025 மே மாதம் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சரவை, 1968இல் நிறுத்திய உரிமைப் பதிவை ‘சி’ பகுதியில் மீண்டும் தொடங்க ஒப்புதல் அளித்தது. பத்திரம் காட்டும் பொறுப்பு உழுபவருடையது. அவருடைய பாட்டனாரோ, வரிக்கும் படைக்கும் அஞ்சித் தன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமலே விட்டவராக இருக்கக்கூடும்.