திரைக்குப் பின்னால் ஒரு பூட்டு

வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா? சுற்றுப்படம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தயாரித்தவரே சுற்றுப்படத்தைத் தர மறுத்தால் என்ன செய்வது? வீட்டுக் கணிப்பொறியின் வரலாற்றிலும் இக்கேள்வி எழுந்தது.

1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிறு கணிப்பொறியை வெளியிட்டபோது, தாய்ப்பலகையின் சுற்றுப்படங்களையும், பொறி உயிர் பெறும்போது முதலில் ஓடும் 'பயாஸ்' நிரலின் வரிகளையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டது. உரிமை அதனிடமே இருந்தது. ஆனால் பொறியின் உள்ளமைப்பு இரகசியமாக இல்லை.

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' கருநிரலை வெளியிட்டார். இன்று அதை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால், திரையில் படம் வரையும் வரைகலை அட்டைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளன் தேவை. அதுவே 'டிரைவர்' என்னும் இயக்கி நிரல். அட்டையின் எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் என்ன நிகழும் என்பது தெரிந்தால்தான் அதை எழுத முடியும். என்விடியா போன்ற நிறுவனங்கள் அதைச் சொல்லவில்லை. மூடிய நிரலாகவே இயக்கியைக் கொடுத்தன.

தன்னார்வலர்கள் என்ன செய்தார்கள், தெரியுமா? நம் இயற்பியல் ஆய்வகத்து முறைதான்! பதிவகங்களின் எண்களைக் குறித்துக்கொண்டனர். மூடிய இயக்கியைக் கொண்டு ஓர் எளிய உருவத்தை வரையச் செய்து, மீண்டும் குறித்தனர். மாறிய எண்கள் எவை என ஒப்பிட்டனர். இவ்வாறு பிறந்த 'நூவோ' இயக்கி 2010-இல் லினக்ஸ் கருநிரலில் சேர்ந்தது.

பூட்டு அத்துடன் திறந்துவிடவில்லை. 2014-இல் வந்த என்விடியா அட்டைகள் சிலவற்றில், நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் பெற்ற உள்நிரல் மட்டுமே ஏற்கப்பட்டது. அது கிடைக்காததால் துடிப்பு அதிர்வெண்ணை உயர்த்த வழியில்லை. வலிமை மிக்க அட்டை, தன்னார்வலரின் இயக்கியில் ஆமை வேகத்தில் நகர்ந்தது.

ஏ.எம்.டி. நிறுவனம் 2007-இல் தன் அட்டைகளின் விவரக் குறிப்புகளை வெளியிட முன்வந்தது. என்விடியாவும் 2022-இல் இயக்கியின் ஒரு பகுதியைத் திறந்தது. தாய்ப்பலகைக்கும் இதே போராட்டம் உண்டு. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் 1999-இல் தொடங்கி, 2008 முதல் 'கோர்பூட்' எனப்படும் திறந்த தொடக்க நிரல், சில பலகைகளில் மட்டுமே இயங்கும்.

எங்கள் ஆய்வகத்தில் பழைய வரைகலை அட்டை ஒன்று இருக்கிறது. அதற்கான மூடிய இயக்கியைத் தயாரிப்பாளர் கைவிட்டார். புதிய லினக்ஸை நிறுவியதும் திரை இருண்டது. அட்டையில் எந்தப் பழுதும் இல்லை! தன்னார்வலர்கள் எழுதிய இயக்கியை இட்ட பிறகே திரை ஒளிர்ந்தது. வேகம் குறைவுதான், ஆனால் அட்டை குப்பைக்குப் போகவில்லை.

ஆகவே, கணிப்பொறி வாங்கச் செல்லும்போது வேகத்தையும் விலையையும் மட்டும் கேளாதீர்கள். அதன் வரைகலை அட்டைக்குரிய திறந்த இயக்கி லினக்ஸ் கருநிரலிலேயே உள்ளதா, தாய்ப்பலகையில் கோர்பூட் ஓடுமா என்றும் விசாரியுங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளின் சாவி பிறர் கையில் இருக்கலாமா?